வெள்ளை அங்கிக்கு அளவு

அளக்கலாம் தாயி, அளக்கலாம். டேப்பு எங்கயும் ஓடிப்போயிராது, நானும் ஓடிப்போயிர மாட்டேன். எங்கன போக? மொதல்ல நீ உக்காரு. அந்த முக்காலி ஆடும், இந்தப் பாயில உக்காரு யூனிஸு. வெயில்ல வந்து மூஞ்சி செவந்து கெடக்கு. கருப்பட்டிக் காப்பி எறக்கிட்டேன், வடிகட்டுததுதான் பாக்கி.

வேண்டாமா? ஏன்? ஊழியத்துக்குப் போற வீட்டுல ஒண்ணும் வாங்கிக் குடிக்கப்பிடாதுன்னு சட்டமா? இது எப்பம் போட்டாவ? போன வருசமெல்லாம் ரெண்டு தம்ளர் குடிச்சியே. ஓ, பிரிஸில்லா டீச்சர் உங்க குழுவுக்குப் பொறுப்பா வந்த பொறவா. சரி, நல்ல சட்டந்தான். நீங்க எனக்கு எம்புட்டும் செய்யலாம், நான் உங்களுக்கு ஒரு காப்பி தரப்பிடாது. கோவம் இல்ல பிள்ள, சும்மா சொல்லுதேன். டீச்சர் அடுத்த தெருவுலதான இருக்காவ, வேன் வாரதுக்குள்ள பைய ஒரு வாய் குடிச்சிரு. நான் சொல்ல மாட்டேன். நான் சொல்லாம வச்சிருக்கதுல இது ஒண்ணு கூடிட்டுன்னு வச்சுக்கிடுதேன்.

வெளிய வாரியல் சத்தம் கேக்கா? உன் குழுப் பிள்ளைய தெருவப் பெருக்குதாவ. பெருக்கட்டும். ஒரு விசயம் சொல்லட்டா? சனிக்கிழமை வெள்ளன எந்திச்சதும் நான் இந்த வீட்டையும் வாசலையும் சுத்தமாப் பெருக்கிருவேன். ஒரு மூலைய மட்டும் அப்படியே போட்டு வச்சிருவேன். எதுக்குத் தெரியுமா? உங்களுக்குத்தான். பள்ளிக்கூடத்துல இருந்து இம்புட்டுப் பிள்ளைய வேன்ல ஏறி, சட்டையில அன்பின் கரங்கள்னு அட்டை குத்திக்கிட்டு வாராவ. இங்கன வந்து பாத்தா ஒரு குப்பையும் இல்லன்னா பாவம், என்னத்தப் பெருக்கும்? மூஞ்சி வாடிப் போகும்லா. அதான் அந்த ஆட்டுரல் மூலைய உங்க பேருக்கு விட்டு வச்சிருக்கேன். இந்த வரிசையில எல்லா வீட்டுலயும் அப்படித்தான். கேட்டுப் பாரேன்.

முதலுதவிக் குழுப் பிள்ளைய ஒரு தடவ வந்துச்சுவளே, உனக்குத் தெரியுமா? என் நல்ல காலை நீட்டச் சொல்லி, மூங்கில் குச்சி வச்சு, முழங்கால்ல இருந்து பாதம் வரைக்கும் கட்டுப் போட்டுப் பழகிச்சுவ. டீச்சர் பாத்து மார்க்குப் போட்டாவ. பொறவு ஹாரன் அடிச்சான்னு ஓடிப்போய் வேன்ல ஏறிட்டுவ, கட்ட அவுக்கல. அதை அவுக்கலாமா கூடாதான்னு எனக்குத் தெரியல. ஒரு நாளு பூரா நொண்டிக்கிட்டே தண்ணி எடுத்தேன். கொழாயடியில எல்லாரும் என்ன கோமு, எலும்பு முறிஞ்சு போச்சான்னு கேக்காவ. ஆமான்னுட்டேன். என்னத்தச் சொல்ல?

உங்க மேல தப்பு சொல்லல. நீங்க வரலன்னா நான் எங்கன கெடந்திருப்பேனோ. தொண்ணூத்திரெண்டு வெள்ளம் மறக்குமா? ஆத்துத் தண்ணி வீட்டுக்குள்ள வந்து குடிசைய அப்படியே எடுத்துட்டுப் போயிட்டு. என் மவ ஆவுடையக் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு உங்க பாப்டிஸ்ட் பள்ளிக்கூடத்து மாடியில வந்து ஏறினேன். நீ அப்பம் எட்டாப்பு. ரெட்டச் சடை. ஒரு பன்னும் போர்வையும் கொண்டாந்து குடுத்துட்டு, அக்கா உங்க வீட்டுக்காரர் எங்கன்னு கேட்டே. தெரியலன்னேன். மெய்யாவே தெரியல. வெள்ளத்துக்கு முந்தியே அந்த மனுசன் குடிச்சுக் குடிச்சு, அடிச்சுப் போட்டு, ஒரு நாளு சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாரு. நான் தெரியலன்னு சொன்னதும் நீ அழுதுட்டே. நான் அழல, நீ அழுதே. அந்த அழுகையிலதான் எல்லாம் ஆரம்பிச்சுது.

பொறவு உங்க மிஷன்ல இந்த வரிசை வீடு கட்டினாவ. ஆம்பளைத் துணை இல்லாத பொம்பளைக்கு மட்டுந்தான் வீடு. பிள்ளைக்கு ஹாஸ்டல்ல சோறு, துணி, படிப்பு எல்லாம் சும்மா. ஆவுடையும் இப்பம் எட்டாப்புக்கு வந்துட்டா. கணக்குல அவதான் முதல்ங்காவ. அவ அப்பன் வழியிலயும் கணக்கு இல்ல, என் வழியிலயும் இல்ல, எங்கன இருந்து வந்துதோ. அவ சீருடையப் போட்டுக்கிட்டு நடந்து வாரதைப் பாத்தா என் பிள்ளைதானான்னு எனக்கே சந்தேகமா இருக்கும். அவளுக்காவத்தான் நான் எல்லாத்துக்கும் தலைய ஆட்டுதேன். அதை உங்கிட்ட ஒளிக்கல.

இந்தா, மறுபடியும் டேப்பை எடுக்கே. இரு.

என்ன வாசம்? நீயும் கண்டுபிடிச்சிட்டியா? சரி, அந்தத் தையல் மெஷின் மூடியத் தூக்கிப் பாரு. கீழ பாரு. பீடித் தட்டுதான். மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பாத, அது கடிச்சிராது. புகையிலை பாவம்னு நீங்க கூட்டத்துல சொன்னிய, நானும் பாவந்தான்னு கையத் தூக்கினேன். அதுக்குப் பதிலாத்தான் இந்த மெஷினையும் குடுத்திய, படமும் எடுத்திய. ஆனா இந்தத் தெருவுல மாசா மாசம் ரவிக்கை தைக்க யாருக்கு வக்கு இருக்கு? தீவாளிக்கு ரெண்டு, பொங்கலுக்கு ரெண்டு. மீரா முகைதீன் அண்ணாச்சி கடையில பக்கத்து வீட்டுக்காரி பேர்ல இலை வாங்கிச் சுத்துதேன். வெள்ளிக்கிழமையோட எல்லாத்தையும் மூடி வச்சிருவேன். வாசம் போக ஒரு சாம்பிராணி போடலாம்னா அதுவும் ஆகாது, அது வேற சாமிக்குங்காவ. நான் என்னதான் செய்ய, சொல்லு.

இதைத்தான் மறைச்சேன்னு நெனைச்சியா? இது ஒண்ணுமில்ல பிள்ள.

நான் ஒண்ணு கேக்கேன், நீ நாலு எழுத்துப் படிச்சவ. பாளையங்கோட்டைப் பெரிய கோயில்ல எல்லாம் ஞானஸ்நானத்துக்கு நெத்தியில கொஞ்சம் தண்ணி தெளிச்சாப் போதுமாம்லா? அவியளும் இதே சாமியத்தான கும்பிடுதாவ? நமக்கும் அப்படிச் செஞ்சா என்ன? ஒரு செம்புத் தண்ணி. இங்கன வீட்டுக்குள்ளயே வச்சு, போதகர் ஐயா வந்து, நீ, டீச்சர், நான். முடிஞ்சு போச்சு.

ஆகாதுன்னு எனக்கும் தெரியும். உங்க சபையில முழுக்குத்தான். தலை முங்கணும். ஒரு மயிரு வெளிய தெரிஞ்சாலும் திருப்பி முக்குவாவ, நான்தான் போன வருசம் பாத்தேனே. வண்ணாரப்பேட்டைக்காரி ஒருத்திய முக்கினாவ. உள்ள போகும்போது வெள்ளை அங்கி குடையாட்டம் விரிஞ்சுது. வெளிய வரும்போது மேலோட ஒட்டிக்கிட்டு அவ பாவாடை நிறங்கூடத் தெரிஞ்சுது. படித்துறையில ஆம்பளையும் பொம்பளையும் அத்தன சனம். பாட்டுக் குழு பாடுது, ஒருத்தன் ஏணி போட்டு ஏறிப் படம் புடிக்கான். உங்க பிள்ளைய துண்டை எடுத்துக்கிட்டு ஓடி வாரதுக்குள்ள எல்லாரும் எல்லாத்தையும் பாத்தாச்சு. அவ பாவம், கைய வச்சு எதைத்தான் மறைப்பா?

வெக்கமான்னு கேக்கே. வெக்கந்தான். வெக்கம்னே வச்சுக்கோ.

தள்ளிப் போட முடியாதா யூனிஸு? ரெண்டு தடவ தள்ளிப் போட்டாச்சு, அது எனக்கு ஞாபகம் இருக்கு. ஐப்பசியில தூரம்னு சொன்னேன். கிறிஸ்மசுக்குக் காய்ச்சல்னு சொன்னேன். மூணாவதும் தள்ளினா பிசாசு தடுக்குன்னு டீச்சர் சொல்லுவாவ. வீட்டுக்கு வந்து உக்காந்து ஜெபம் பண்ணுவாவ. அதோட அடுத்த ஞாயித்துக்கிழமை வெளிநாட்டு ஆளுவ வாராவ. தையல் குழு அங்கி தைக்கி, பாட்டுக் குழு பாட்டுப் பழகுது, தோட்டக் குழு மாலை கட்டுது. எல்லாக் குழுவுக்கும் நான் ஒருத்திதான் சோறு போடணும் போல. முழுகி எந்திச்சா எனக்குப் பேரு ரூத்தாம். யாரு ரூத்துன்னு டீச்சர்ட்ட கேட்டேன். புருசன் செத்தும் மாமியாரை விட்டுப் போகாதவன்னாவ. எனக்கு மாமியாரே கெடையாது. புருசனும்...

எதைப் பாக்கே? கொடியிலயா?

அது சாரந்தான். ஆம்பளை உடுத்துத சாரந்தான். பீடி சுத்தும்போது மடியில விரிச்சுக்கிடுவேன்னு சொல்லுததுக்கு வாய் வரைக்கும் வந்துட்டு. வேண்டாம், உங்கிட்டயும் அதையே சொல்லி என்ன ஆகப் போகுது. காலையில இருந்து ஒவ்வொண்ணா எடுத்து ஒளிச்சேன். செருப்பு, சவர பிளேடு, அந்த மனுசனோட வெத்தலைப் பொட்டணம். சவம், துவைச்சுப் போட்ட சாரம் காயட்டும்னு விட்டேன், மறந்துட்டேன்.

ஆமா. வந்துட்டாரு. வந்து ஒரு வருசமாச்சு.

பயப்படாத, இப்பம் இங்கன இல்ல. சனிக்கிழமை இந்தப் பக்கமே தலை காட்ட மாட்டாரு. ஆத்துக்கு அக்கரையில ஒரு வாழைத் தோட்டத்துல காவல் இருக்காரு. வாரத்துல ரெண்டு மூணு நாளு வந்து சாப்பிட்டுப் போவாரு. கட்டின புருசன் கள்ளப் புருசனாட்டம் வந்து போறாரு பாத்துக்கோ. தெருவுல எல்லாருக்கும் தெரியும், ஒருத்தியும் வாயத் தெறக்க மாட்டா. அவிய அவிய வீட்டுலயும் ஒண்ணு இருக்கும்லா.

அடிக்காரான்னு கேக்கியா? இல்ல தாயி. புனலூர் பக்கம் ரப்பர்த் தோட்டத்துல கெடந்திருக்காரு. மஞ்சக்காமாலை வந்து, சாகவா பொழைக்கவான்னு கெடந்து, எந்திச்ச பொறவு குடியத் தொடல. யாரும் அவருக்காவ ஜெபம் பண்ணல, ஒரு குழுவும் போய்ப் பெருக்கல. அவரா விட்டாரு. நீங்க நம்ப மாட்டிய. எனக்கே ஆறு மாசம் ஆச்சு நம்ப.

அவரு வந்த அன்னைக்கு என்ன நாளு தெரியுமா? போன வருசம் உங்க பள்ளிக்கூடத்து ஆண்டு விழா. வீடு பூட்டிக் கெடக்குன்னு, அங்கன இங்கன கேட்டு, உங்க கேட்டு வரைக்கும் வந்திருக்காரு. வாச்மேன் உள்ள விடல. மதிலுக்கு வெளிய வேப்பமரத்தடியில நின்னிருக்காரு. உள்ள மேடையில நான். என் சாட்சி. மைக்குக் குழாய மரத்துல கட்டியிருந்தாவல்லா, ரோடு வரைக்கும் கேக்கும். நான் சொல்லுதேன், குடிச்சாரு, அடிச்சாரு, விட்டுட்டுப் போனாருன்னு. அம்புட்டும் நெசம். அதுல ஒரு சொல்லும் நான் மாத்த மாட்டேன், அவரும் மாத்தச் சொல்லல. பொறவு நீ மைக்கை வாங்கினே. என் கையப் புடிச்சுத் தூக்கினே. இந்தா, இந்தத் தழும்பைக் காட்டி, இது குடிகாரக் கணவன் வச்ச சூடுன்னு சொன்னே. சபையே உச்சுக் கொட்டிச்சு. முன்னால இருந்த வெள்ளைக்காரம்மா கண்ணத் தொடச்சா. நல்ல ஊழியத்துக்குக் குடுக்குத கேடயம் மூணாவது வருசமும் உங்க குழுவுக்கே வந்துது.

இது கஞ்சி வடிக்கையில ஊத்திக்கிட்டது யூனிஸு. சோத்துப் பானை வழுக்கி ஊத்திக்கிட்டது.

நீ பொய் சொன்னேன்னு நான் சொல்லல. நீ கேக்கல, அம்புட்டுத்தான். தழும்பைப் பாத்தே, அவராத்தான் இருக்கும்னு முடிவு பண்ணிட்டே. அத்தன சனத்துக்கு முன்னால, இல்ல தாயி இது கஞ்சின்னு நான் எப்படிச் சொல்ல? கைய நீ புடிச்சிருக்கே. எறக்கவும் விடல.

சாயங்காலம் வீட்டுக்கு வாரேன், வாசல்ல நிக்காரு. மெலிஞ்சு, நரைச்சு, குச்சியாட்டம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வாரியலைத்தான் எடுத்தேன். ஓங்கிட்டேன். அவரு நகரல. என் கையவே பாத்துக்கிட்டு ஒண்ணு கேட்டாரு. ஏளா கோமு, நான் எப்பம்ளா உனக்குச் சூடு வச்சேன்னு. வேற ஒண்ணும் கேக்கல. அடிச்சதையும் ஏசினதையும் நினைச்சு நினைச்சுப் பாக்காரு, இது மட்டும் அவருக்கு ஞாபகத்துல இல்ல. குடிச்ச போதையில செஞ்சிருப்பேனோன்னு அவருக்கே சந்தேகம். நான் இல்லன்னு சொன்னதும் அந்தப் படியில உக்காந்து பச்சப்பிள்ளையாட்டம் அழுதாரு. நானும் அழுதேன். எனக்கு அந்த மனுசன் வேணும் யூனிஸு. இத எந்த மேடையில ஏறிச் சொல்ல?

ஆவுடைக்குத் தெரியும். ஹாஸ்டலுக்குப் பாக்கப் போனப்பம் சொன்னேன். குதிப்பான்னு நெனைச்சேன். ஆனா அவ, அம்மா, பத்தாப்பு முடியுத வரைக்கும் அப்பா அக்கரையிலயே இருக்கட்டும்னா. அப்பா எப்படி இருக்காருன்னு கூடக் கேக்கல. பொறவு ஜன்னலுக்கு அங்கிட்டுத் திரும்பி நின்னுக்கிட்டா. என் வயித்துல பிறந்த பிள்ளைக்கு இம்புட்டுக் கணக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு அன்னைக்குத்தான் எனக்குப் பயமாப் போச்சு.

சொல்லியிருக்கலாமேன்னு லேசாச் சொல்லிட்டே. மூணாவது வீட்டுச் சாரம்மாள் ஞாபகம் இருக்கா? அவ வீட்டுக்காரன் திரும்பி வந்தான். அவ சந்தோசத்துல ஓடிப்போய் டீச்சர்ட்ட சொன்னா. என்ன நடந்துது? யாரும் வையல. ஒருத்தரும் சத்தம் போடல. உங்க பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரே வந்தாவ. கர்த்தர் உன் குடும்பத்தைக் கட்டித் தந்துட்டாரு சாரம்மா, இனிமே இந்த வீடு துணையில்லாத வேற ஒருத்திக்கு வேணும்லான்னாவ. ஜெபம் பண்ணினாவ. ஒரு கேக்கு குடுத்தாவ. பாட்டுக் குழு பாடிச்சு. அவ சட்டி பானைய நீங்கதான் வண்டியில ஏத்தி விட்டிய, நீயே ஒரு குடத்தைத் தூக்கிட்டு வந்தே. அவ பிள்ளைக்கு அரைப் பரிச்சை நேரம். குடும்பம் இருக்க பிள்ளைக்கு ஹாஸ்டல் எதுக்குன்னு அதையும் கையோட அனுப்பிச்சிட்டாவ. இப்பம் அந்தப் பிள்ளை அவ அம்மாவோட தூத்துக்குடியில உப்பளத்துக்குப் போகுதாம். உனக்குத் தெரியாதா? உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாவ. வண்டி தெரு முக்குத் திரும்புத வரைக்கும் நீங்க கைய ஆட்டிக்கிட்டு நின்னிய.

அதுல நான் யாரை வைய? நல்ல மனசுலதான் செஞ்சாவ. கெட்டவியன்னா எதுத்து நின்னு ஏசலாம். உங்களை என்னன்னு ஏச?

நானும் சும்மா இருக்கல. ரெண்டு தடவ டீச்சர்ட்ட சொல்லிரணும்னு கெளம்பிப் போனேன். ஒரு தடவ வாசல்லயே பிள்ளைய சூழ்ந்துக்கிட்டு, அக்கா அக்கான்னு, கொண்டுபோய் கேடயத்தைக் காட்டிச்சுவ. அதுல உங்க பேருக்குக் கீழ என் பேரை எழுதப் போறாவளாம். இன்னொரு தடவ ஆபீசுக்குள்ளயே போயிட்டேன். வாயத் தெறக்குததுக்குள்ள பிரிஸில்லா டீச்சர் என் ரெண்டு கையயும் புடிச்சுக்கிட்டாவ. கோமு, உன்னைக் காட்டித்தான் நாங்க வெளிநாட்டு ஆளுகிட்ட நிக்கோம், உன்னால இன்னும் பத்துப் பேருக்கு வீடு வரும்னாவ. அவிய கண்ணு கலங்கிட்டு. அவிய நல்லவிய. சொல்லவந்ததை முழுங்கிட்டு, சரிங்க டீச்சர்னு வந்துட்டேன்.

அவரு சொல்லுதாரு, நானே வந்து பெரிய டீச்சர் கால்ல விழுதேன்னு. விழுந்தா? எழுப்பி விட்டு ஜெபம் பண்ணி ஒரு கேக்கு குடுப்பாவ.

சாமி மேல எனக்கு மனத்தாங்கல் இல்ல பிள்ள. நெசமாச் சொல்லுதேன். இயேசு சாமி இதுவரைக்கும் என்னை ஒண்ணும் கேக்கல, உங்க கேடயந்தான் கேக்குது. ஆனா படித்துறையில வச்சு போதகர் கேப்பாருல்லா, உன் வாயால சாட்சி சொல்லுன்னு. நான் கைவிடப்பட்டவ, எனக்கு யாரும் இல்லன்னு சொல்லிட்டுத் தண்ணிக்குள்ள எறங்கணுமா? அந்த மனுசன் அக்கரையில வாழைக்குள்ள நின்னு பாத்துக்கிட்டு இருப்பாரு. நான் பிறந்ததுல இருந்து குளிக்குத ஆறு அது. அதுக்குள்ள போய் நின்னுக்கிட்டு எனக்குப் பொய் சொல்ல வராது.

ஹாரன் சத்தமா? வேன் திரும்பிட்டு போல. சரி, எந்திரி. டேப்பை எடு. இம்புட்டு நேரம் உன்னைப் புடிச்சு வச்சுட்டேன். வெறுங்கையோட போனா டீச்சர் உன்னைத்தான் வைவாவ.

தோளை அளந்துக்கோ. ம். கை மணிக்கட்டு வரைக்கும். நீளம் கணுக்காலுக்கு வரட்டும். மாரு. இறுக்கமாப் புடிக்காத. சரி. இனிமே இடுப்புக்கு வா. சேலை மேலோட வேண்டாம், மடிப்பைத் தள்ளிட்டு உள்ள விடு. இன்னும் கொஞ்சம் கீழ. பைய. அமுக்காத தாயி.

அஞ்சு மாசம்.

ஐப்பசியில தூரம்னு உங்கிட்ட சொன்னேம்லா, அன்னைக்குத்தான் நாளு தள்ளிப் போயிருக்குன்னு எனக்கே தெரிஞ்சுது. சேலைக்குள்ள மறைச்சுக்கிடலாம். நனைஞ்ச வெள்ளைத் துணிக்குள்ள எதை மறைக்க? புருசன் இல்லாதவ வயித்துல பிள்ளையோட ஆத்துக்குள்ள இருந்து எந்திச்சா, சனம் என்ன சொல்லும்? படித்துறையில பாட்டுக் குழுவுக்குப் பின்னால ஆவுடையும் நிப்பா. அவ காதுல விழும்லா. புருசன் இருக்காருன்னு சொன்னா அவ படிப்பு போச்சு. சொல்லலன்னா அவ மானம் போச்சு.

எதுக்கு அழுதே? வேண்டாம், சத்தியம் பண்ணாத, உங்க சபையில சத்தியம் பண்ணப்பிடாதுல்லா. சொல்லுன்னும் சொல்லல, சொல்லாதன்னும் சொல்லல. நீ போய்ச் சொன்னா ஆவுடை பெட்டியத் தூக்கிட்டு இந்த வாசல்ல வந்து நிப்பா. நீ சொல்லலன்னா அடுத்த ஞாயித்துக்கிழமைக்குப் பொறவு உன்னைக் கூப்பிட்டுக் கேப்பாவ, குழுத் தலைவி நீதான அளவெடுத்தே, உனக்குத் தெரியாதான்னு. பன்னெண்டாப்பு முடிச்சதும் டாக்டருக்குப் படிக்க மிஷன்ல உனக்குச் சிபாரிசு தாரோம்னு சொல்லியிருக்காவல்லா, அதுவும் போகும். எந்தப் பக்கம் நகந்தாலும் குத்தும். இப்பம் தெரியுதா, நான் எங்கன நிக்கேன்னு? நாலு வருசமா நீ என்னை வந்து வந்து பாத்தே தாயி. இன்னைக்குத்தான் பக்கத்துல வந்திருக்கே.

செருப்புச் சத்தம் கேக்கு, டீச்சர் வந்துட்டாவ. கண்ணத் தொடச்சுக்கோ. என் முந்தானையிலயே தொடச்சுக்கோ, பரவால்ல. சிரி. அப்படி இல்ல, பல்லுத் தெரியாம, தலையக் கொஞ்சம் சாய்ச்சு. உங்க படத்துக்கெல்லாம் நான் எப்படிச் சிரிக்கேன், பாத்திருக்கல்லா? ஆங், அப்படித்தான்.

வாங்க டீச்சர், வாங்க. பிள்ளை இப்பந்தான் அளவெடுத்து முடிச்சா.